பல்லுக்கு கேப், பிரிட்ஜ்: முதல்முறை போடப் போகிறவர்களுக்கு

வண்ணாரப்பேட்டையோ திருவொற்றியூரோ, பல் கிளினிக் வாசலில் ஏறியதும் நம்மில் பலர் கேட்பது ‘கேப் எவ்வளவு டாக்டர்?’ என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, கேப் என்கிற அந்த உறையைத் தாங்கப் போகும் பல் எப்படி இருக்கிறது என்பது. உப்புக்காற்றில் ஓதம் ஏறிய சுவரைச் சரிபார்க்காமல் மேலே பெயிண்ட் அடித்தால் என்ன ஆகுமோ அதுதான் சொத்தைப் பல்லுக்கு கேப் மாட்டினாலும் ஆகும், என்ன, வெளியே தெரிய கொஞ்ச நாள் ஆகும்.

பல் இருக்கிறது, ஆனால் உடைந்திருக்கிறது, அல்லது ரூட் கெனால் (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து அடைப்பது) செய்து பலவீனமாகிவிட்டது என்றால் கேப். பல்லே இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் தாங்கக்கூடிய பல் இருக்கிறது என்றால், அவற்றைப் பிடித்து நடுவில் செயற்கைப் பல் வைக்கும் பிரிட்ஜ்.

படி 1: எக்ஸ்ரே, ஈறு. எக்ஸ்ரே எடுக்காமல் யாராவது கேப்புக்கு அளவெடுக்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேர் நுனியில் சீழ் இருக்கிறதா, எலும்பு தேய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஈறில் ரத்தம் வந்தால் முதலில் சுத்தம் செய்து, ஆறிய பிறகுதான் மற்ற வேலை. சர்க்கரை இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

படி 2: அடித்தளம். சொத்தை நரம்பு வரை போயிருந்தால் ரூட் கெனால். கேப் போடும் எல்லாப் பல்லுக்கும் இது தேவையில்லை, ஏன் தேவை என்று எக்ஸ்ரேவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. ரூட் கெனால் முடிந்து வலி போனதும் பாதிப் பேர் கேப் போட அந்தப் பக்கமே போவதில்லை. கடைவாய்ப்பல்லாக இருந்தால் அப்படி விடாதீர்கள். ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்தால், அந்தப் பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.

படி 3: நிறம், சீவுதல், அளவு. கேப்புக்கு இடம் வேண்டும் என்பதால் மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் மேலேயும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை சீவுவார்கள். சீவிய பல் பழையபடி வளராது, அதனால் யோசிக்க வேண்டியதை இதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். முன்பல் என்றால் நிறத்தை ஆரம்பத்திலேயே, முடிந்தால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வாயைத் திறந்து வைத்திருக்க வைத்திருக்க, பல் காய்ந்துபோய், அதன் உண்மையான நிறத்தைவிட வெள்ளையாகத் தெரியும். பிறகு மாவு போன்ற பொருளிலோ ஸ்கேனரிலோ அளவெடுத்து லேபுக்கு அனுப்புவார்கள்.

படி 4: தற்காலிக கேப். லேபிலிருந்து வரும்வரை இதுதான். கமர்கட், சூயிங்கம் வேண்டாம். இது விழுந்துவிட்டால் ‘எப்படியும் புதுசு வரப்போகிறதே’ என்று சும்மா இருக்காதீர்கள், பக்கத்துப் பல் கொஞ்சம் நகர்ந்தாலும் புது கேப் உட்காராது.

படி 5: போட்டுப் பார்ப்பது, ஒட்டுவது. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஒட்டும் முன் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், கண்ணாடியில் பாருங்கள், ஓரம் ஈறோடு படிந்திருக்கிறதா என்று கேளுங்கள். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்கள். ஊசி போட்டு மரத்திருந்தால் அப்போது உங்களுக்குச் சரியாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினால் ‘பழகிவிடும்’ என்று விடாமல் திரும்பப் போய்த் தேய்த்துச் சரிசெய்து கொள்ளுங்கள்.

பிரிட்ஜுக்கும் இதே வரிசைதான். ‘ஒரு பல்தானே போச்சு, மூணு பல் காசா?’ என்று சண்டை வருவது இங்கேதான்: நடுவில் தொங்கும் செயற்கைப் பல்லைத் தாங்க, இரண்டு பக்கத்துப் பல்லுக்கும் கேப் போட வேண்டும், ஆக மூன்று. பல் பிடுங்கிய இடம் ஆற இரண்டு, மூன்று மாதம் தேவைப்படும். அதற்காக வருஷக்கணக்கில் காலியாக விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் பள்ளத்துக்குள் இறங்கும். பக்கத்துப் பற்கள் இரண்டும் சொத்தையில்லாமல் பளிச்சென்று இருந்தால், அவற்றைச் சீவ எனக்கு மனசு வராது. கையில் பணமும் எலும்பில் பலமும் இருந்தால் இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் பல் வைப்பது) பற்றி டாக்டரிடம் பேசிப் பாருங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, வெளியே தெரியாத கடைவாய்க்கு முழு மெட்டல் கேப் இன்றைக்கும் நல்லதுதான், சீவுவதும் குறைவு. மெட்டல் மேல் செராமிக் வைத்தது நடுத்தரம். செராமிக் சில்லு பெயரலாம், ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம். ஜிர்கோனியா என்கிற, மெட்டல் இல்லாத வெள்ளை செராமிக்கில் அந்தக் கறுப்பு வராது, உறுதி, விலை கூடுதல். அதோடு வாரண்டி கார்டு தருவார்கள், வாங்கி வையுங்கள். ஆனால் அது கேப்புக்குத்தான், உள்ளே இருக்கும் பல்லுக்கு இல்லை.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள், பலமுறை நடக்க வேண்டியிருக்கும். ‘ஒரே நாளில் கட்டுப்பல்’ என்று பக்கத்துப் பல்லோடு கம்பியும் பிளாஸ்டிக்கும் வைத்து ஒட்டிவிடும் ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள். கழற்றிச் சுத்தம் செய்ய வழியில்லாமல் அழுக்கு சேர்ந்து, நல்ல பல்லும் ஆடிப்போகும். பல் டாக்டர் என்றால் டென்டல் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்கலாம்.

போட்ட பிறகு? கேப்புக்குச் சொத்தை வராது, கேப்பும் பல்லும் சேரும் ஓரத்தில் வரும், அதனால் இரவு பிரஷ் முக்கியம். பிரிட்ஜுக்கு அடியில் சாதாரண பிரஷ் நுழையாது. அடியில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்யும் நூல், சூப்பர் ஃப்ளாஸ் என்று மெடிக்கலில் கேளுங்கள், இல்லையென்றால் பல்லிடுக்குக்கான சின்ன பிரஷ். நெத்திலி சாப்பிட்ட பிறகு குண்டூசியால் குத்தாதீர்கள். கேப் கழன்று கையோடு வந்துவிட்டால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள், பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம், ஆனால் வீட்டில் ஃபெவிக்விக் போட்டுவிட்டு வந்தால் ஒட்ட முடிந்ததையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.