கன்சல்டிங் கொம்பனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் விடும் பிழைகள்

கம்பஸ் முடித்த கையோடு தொழில்நுட்ப ஆலோசனைக் கொம்பனியில் சேரும் பிள்ளைகள் வருசா வருசம் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். நேரத்துக்குப் போக வேண்டும், கிளையன்டின் முன்னால் போனை நோண்டக்கூடாது என்பதையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுவோம். திருகோணமலையில் விடுதி, மருந்துக்கடை, கூட்டுறவுச் சங்கம் என்று ஏறி இறங்கும் வேலையில் காசைத் தின்னும் பிழைகளை மட்டும் பார்ப்போம்.

"சின்ன வேலைதானே" என்றதும் தலையாட்டுவது

ஆலோசனைக் கொம்பனி விற்பது ஆட்களின் மணித்தியாலத்தை. ஒப்பந்தம் ஒரே தொகைக்கு என்றால், அதில் எழுதாத வேலைக்குப் போகும் ஒவ்வொரு மணித்தியாலமும் கொம்பனியின் கைக்காசு. புதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. முதலாளி முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது.

உப்புவெளியில் ஒரு விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 அறை, கீழே ரெஸ்டோரன்ட். பில்லிங் சிஸ்டத்துக்கு 40 ஆள்நாள் (ஒரு ஆள் ஒரு நாள் செய்யும் வேலை ஒரு ஆள்நாள்) என்று பேசி, கையெழுத்தும் ஆகிவிட்டது. மூன்றாவது கூட்டத்தில் தேத்தண்ணி வருகிறது. முதலாளி சொல்கிறார்: "தம்பி, பில்லில தமிழும் வரட்டுமே. சின்ன வேலைதானே?" தம்பி, "ஓம் ஐயா, செய்யலாம்" என்கிறார். கூட்டக் குறிப்பில் அது ஏறுவதில்லை.

அந்த "ஓம்" எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கவுண்டரில் இருக்கும் 80 மில்லிமீற்றர் தேர்மல் பிரின்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. கணினி தமிழைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை நேரே அனுப்பினால் கேள்விக்குறி வரிசையாக வரும். ஒவ்வொரு வரியையும் கணினியிலேயே படமாக வரைந்து, 576 புள்ளி அகலத்துக்குள் அடக்கி அனுப்ப வேண்டும். படமாகப் போவதால் பில் மெதுவாக வரும், கவுண்டரில் சனம் நிற்கும். எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கும் பழைய வித்தையும் எடுபடாது. "திருகோணமலை" கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 10 குறியீடு. "கணவாய்ப் பிரட்டல்" போய் விலையின் மேல் ஏறி உட்காரும்.

அடுத்தது மெனு. தமிழ்ப் பெயர்கள் எங்கே என்று கேட்டால் ஒரு வேர்ட் ஃபைல் வரும், அது பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளில் போட்டால் தமிழ் சரியாக வந்துவிடும். ஆனால் இடையிடையே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களையும் அது தமிழ் எழுத்தாக உருட்டித் தரும். ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் வேண்டும். குசினிக்குப் போகும் துண்டைப் பார்ப்பவர் சிங்களம் மட்டும் வாசிப்பவர் என்றால், அந்தப் பிரின்டருக்குத் தனி மொழி அமைப்பு.

பில்லைத் திறந்ததுதான் திறந்தது, கணக்காளரும் எட்டிப் பார்ப்பார். ரூ. 10,000 சாப்பாட்டுக்கு 10% சேவைக் கட்டணம் சேர்த்து, அந்த 11,000 மீது 18% வற் (பெறுமதி சேர் வரி) போட்டால் 12,980. வற்றை 10,000 மீது மட்டும் போட்டிருந்தால் 12,800. முன்பு பேசாத அந்த 180 ரூபாய்க்காக அறிக்கைகள் எல்லாம் திரும்பப் பரிசோதனைக்குப் போகும்.

மொத்தமாக 6 ஆள்நாள் என்று வையுங்கள். செலவுக்கு மேல் 20% லாபம் வைத்திருந்தால் அது 8 ஆள்நாள் பெறுமதி. முக்கால்வாசி லாபம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு போய்விட்டது.

காசு போனதைக்கூடப் பொறுக்கலாம். அதற்குப் பிறகு நடப்பதுதான் எரிச்சல். வாக்குக் கொடுத்த பிள்ளை மனேஜரிடம் சொல்லப் பயந்து, இரவில் இருந்து வேலையைச் செய்துவிட்டு, அந்த நேரத்தை எங்கும் பதியாமல் விடுகிறது. புத்தகத்தில் 40 ஆள்நாளில் முடிந்த ப்ராஜெக்டாக அது நிற்கும். அடுத்த விடுதிக்கு விலை கேட்டால், அதே 40ஐப் பார்த்துத்தான் விலை போகும். ஒரு பொய்க்கணக்கு இப்படி நாலு ஒப்பந்தத்தைக் கெடுக்கும். போதாக்குறைக்கு வேலை பிந்தினால் முதலாளியும், "நீங்கள்தானே ஓம் எண்டீங்கள்" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

வயதில் மூத்தவரிடம் முகத்துக்கு நேரே மறுக்க வாய் வராது, உண்மை. மறுக்கவே தேவையில்லை. "குறிச்சுக்கொள்ளுறன் ஐயா, எவ்வளவு வேலை எண்டு பார்த்து நாளைக்கு எழுத்தில அனுப்புறன்" என்று சொன்னால் போதும், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஒப்பிசுக்கு வந்து மனேஜரிடம் காட்டிவிட்டு, சொன்ன நாளிலேயே மின்னஞ்சல் போக வேண்டும்: கேட்டது என்ன, எந்தத் திரையும் அறிக்கையும் மாறும், எத்தனை ஆள்நாள், எவ்வளவு காசு, முடியும் திகதி எத்தனை நாள் தள்ளும். "சரி" என்று பதில் வரும்வரை ஒரு வரி கூட மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தால் கேட்டு எழுதி, "நீங்கள் சொன்னது இதுதானே" என்று அதையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து 3 நிமிடக் குரல் பதிவைத் தேடிக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

சில நேரம் உறவுக்காக இலவசமாகவே செய்துகொடுக்க வேண்டிவரும். அதை மனேஜர் தீர்மானிக்கட்டும். அப்போதும் இன்வொயிஸில் முழு விலையைப் போட்டு, கீழே கழிவு என்று காட்டுங்கள். விலை தெரியாத வேலையை அடுத்த முறையும் சும்மாதான் கேட்பார்கள்.

டைம்ஷீட்டை (வேலை நேரப் பதிவை) வெள்ளிக்கிழமை நிரப்புவது

திங்கட்கிழமை செய்தது வெள்ளிக்கு ஞாபகம் இருக்காது. எல்லா நாளும் 8, 8, 8 என்று விழும். அரை மணித்தியாலத் துண்டாக அன்றன்றே பதியுங்கள். தொலைபேசியில் விளங்கப்படுத்திய 20 நிமிடமும் வேலைதான். கொழும்புக் கிளையன்ட் என்றால், 250 கிலோமீற்றருக்கு மேல் போய்வரும் நேரத்துக்குக் காசு உண்டா என்று புறப்படும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

சீசனில் புதிய சிஸ்டத்தைத் தொடக்குவது

கூடாது. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலா சீசன். ஒக்டோபரில் தொடங்குங்கள். மழையோடு கரன்ட் போகும் என்பதால் கவுண்டர் கணினிக்கு யூ.பி.எஸ் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். ரௌட்டருக்கும் வேண்டும், அதை எல்லாரும் மறப்பார்கள்.

வெள்ளி மத்தியானம் கூட்டம்

கிண்ணியா, மூதூர்க் கிளையன்டுகளோடு 12 முதல் 2 வரை வைக்காதீர்கள். ஜும்ஆ நேரம்.

எஸ்.எம்.எஸ் செலவை ஆங்கிலக் கணக்கில் போடுவது

ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ் 160 எழுத்து. தமிழ் கலந்தால் 70 குறியீடுதான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், துண்டுக்கு 67. ஆகவே 150 குறியீட்டுத் தமிழ்ச் செய்தி 3 எஸ்.எம்.எஸ். கூட்டுறவுச் சங்கத்தில் 2,000 அங்கத்தவர் என்றால் ஒரு கூட்ட அறிவித்தலுக்கு 6,000. விலை கொடுக்கும்போது 2,000 என்று எழுதிவிட்டு, பிறகு முழிப்பவர்கள் அதிகம்.

கிளையன்டின் தரவை உங்கள் லப்டொப்பில் கொண்டு திரிவது

விடுதிப் பதிவேட்டில் விருந்தினரின் கடவுச்சீட்டு இலக்கம் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பரிசோதனைக்குப் பொய்ப் பெயர்களை உருவாக்குங்கள்.

பேக்அப் "ஓடுது" என்று நம்புவது

மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்அப் டிஸ்கைக் கடற்கரை விடுதியின் ரிசெப்ஷன் மேசையில் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் யூ.எஸ்.பி முனை துருப்பிடித்துவிடும்.

டொமைனைச் சொந்த மின்னஞ்சலில் பதிவது

டொமைன் என்பது விடுதியின் இணைய முகவரி. அவசரத்துக்கு அதை உங்கள் ஜிமெயிலில் பதிந்துவிட்டு, பிறகு வேறு கொம்பனிக்குப் போய்விடுவீர்கள். புதுப்பிக்கச் சொல்லும் அறிவித்தல் உங்களுக்கே வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் விடுதியின் தளமும் மின்னஞ்சலும் சேர்ந்து நிற்கும். டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம்), எஸ்.எம்.எஸ் கணக்கு மூன்றையும் கிளையன்டின் மின்னஞ்சலிலும் கிளையன்டின் வங்கி அட்டையிலும் பதியுங்கள். ஒப்படைக்கும் நாளில் அவரே தன் போனிலிருந்து மூன்றுக்குள்ளும் போய்க் காட்டட்டும், அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.