ரீஃப் டேங்கில் நீரோட்டம்: எந்த பம்ப், எத்தனை, எங்கே?

பவளம் வளர்க்க முதல் உப்புநீர்த் தொட்டி (ரீஃப் டேங்க்) வைத்தபோது எந்த விளக்கு வாங்குவது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பம்பைப் பற்றி அரை மணி நேரம்கூட யோசிக்கவில்லை. தண்ணீர் சுற்றினால் சரி என்று இருந்துவிட்டேன். சில மாதங்களில் பாறைக்குப் பின்னால் கழிவு மேடு கட்டியது. மணல்மேல் சிவப்பாக ஒரு சளிப்படலம் விரிந்தது. அது சயனோபாக்டீரியா. அது வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் என் தொட்டியில் அது முதலில் குடியேறியது தண்ணீர் அசையாமல் கிடந்த மூலையில்தான்.

மீனுக்கு மூச்சு முட்டினால் வேறு இடத்துக்கு நீந்திப் போகும். பவளம் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். ஆக்சிஜனும் உணவும் அதைத் தேடி வரவேண்டும், அதன் கழிவை யாராவது அள்ளிக்கொண்டு போகவேண்டும். பவளத்தின் மேல்தோலை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் தேங்கி நிற்கும். நீரோட்டம் பலமாக இருந்தால் அந்தப் படலம் மெலிந்து, கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடக்கும்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் வேறு வேறு பம்ப். தொட்டிக்குக் கீழே வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத்தொட்டிக்கு சம்ப் என்று பெயர். அதில் இருக்கும் தண்ணீரை மேலே தொட்டிக்கு ஏற்றுவது ரிட்டர்ன் பம்ப். தொட்டிக்குள்ளேயே தண்ணீரை அலைக்கழிப்பது வேவ் மேக்கர். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒரே பம்பால் முடித்துவிடப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

படி 1: எத்தனை லிட்டர்?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 90 × 45 × 45 தொட்டி என்றால் சுமார் 182. விளிம்புவரை நிரப்பமாட்டோம், பாறையும் மணலும் இடம் பிடிக்கும். எனவே 160 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் கணக்கெல்லாம் இதற்குத்தான்.

படி 2: ரிட்டர்ன் பம்ப்

சம்ப் இல்லாத தொட்டி என்றால் நேராகப் படி 4க்குப் போங்கள்.

மணிக்குத் தொட்டி நீரைப்போல 3 முதல் 5 மடங்கு சம்ப் வழியாகச் சுற்றினால் போதும். நம் தொட்டிக்கு 800 லிட்டர். கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் ஹீட்டருக்கும் அதற்குமேல் தேவையில்லை. கூட்டினால், தொட்டி நீர் சம்ப்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோவில் சத்தமும் தொட்டி முழுக்க நுண்குமிழியும்தான் மிச்சம்.

அதற்காக பெட்டியில் 800 என்று போட்ட பம்பை வாங்கிவிடாதீர்கள். அந்த எண் தண்ணீரைத் துளிகூட மேலே ஏற்றாமல் அளந்தது. உயரம் கூடக்கூட வரத்து குறையும். பெட்டியில் 'அதிகபட்ச உயரம் 2 மீட்டர்' என்று இருந்தால், அந்த உயரத்தில் சொட்டுகூட வராது என்று அர்த்தம். மணிக்கு 2000 லிட்டர், 2 மீட்டர் என்று போட்ட பம்ப், 1.2 மீட்டர் ஏற்றும்போது ஏறக்குறைய 800 தரும் என்று முதல் கணக்குப் போடலாம். துல்லியமாக வேண்டுமென்றால் தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் உங்கள் உயரத்தைத் தேடுங்கள். குழாயில் போடும் ஒவ்வொரு எல்போவும் (வளைவுத் துண்டு) உயரத்தைக் கூட்டியதற்குச் சமம். பம்பின் வாயைவிடச் சிறிய குழாயைப் போடுவதும் அப்படியே.

பொருத்திய பிறகு வாளியை வைத்து அளந்துவிடுங்கள். 10 லிட்டர் வாளி 45 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 800. வரத்து கூடுதலாக இருந்தால் வெளியேறும் பக்கத்து வால்வை லேசாக மூடுங்கள், உறிஞ்சும் பக்கத்தைத் தொடாதீர்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிசி பம்பில் இந்தத் தொல்லையே இல்லை.

படி 3: கரண்ட் போனால்?

இதை மீனோ பவளமோ விடுவதற்கு முன்பே செய்து பாருங்கள். பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாகத் தொட்டி நீர் கீழே இறங்கத் தொடங்கும். ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால், 90 × 45 × 3, கிட்டத்தட்ட 12 லிட்டர் இறங்கும். அதோடு ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பதும் வந்து சேரும். சம்ப்பில் அவ்வளவுக்கும் காலி இடம் இருக்கவேண்டும்.

நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து இறக்கம் நின்றுவிடும். நானும் போட்டிருந்தேன். ஒருநாள் இரவு கரண்ட் போன நேரத்தில் ஒரு நத்தை சரியாக அந்தத் துளையில் போய் உட்கார்ந்திருந்தது. காலையில் எழுந்து தரையில் கால் வைத்ததும் புரிந்தது. அன்றிலிருந்து இரண்டு துளை போடுகிறேன், வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிடுகிறேன். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள். அதில் சுண்ணாம்பு படிந்தால் முழுதாக மூடாது.

படி 4: வேவ் மேக்கர்

என்ன பவளம் வளர்க்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். மஷ்ரூம், ஜோவாந்தஸ், லெதர் மாதிரி மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டி நீரைப்போல 10 முதல் 20 மடங்கு அசைவு போதும். டார்ச், ஹேமர் வகைகளுக்கு 20 முதல் 30. அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்கள் 40க்கு மேல் கேட்கும். இவை வளர்ப்பவர்கள் அனுபவத்தில் வைத்துக்கொண்ட கணக்கு, கல்லில் செதுக்கியது அல்ல.

நம் தொட்டிக்கு 20 மடங்கு என்றால் 3200 லிட்டர். 4000 லிட்டர் பம்ப் ஒன்று வாங்கலாமா, 2000 லிட்டரில் இரண்டு வாங்கலாமா? கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வாங்குங்கள். ஒரே பம்ப் ஆறு மாதிரி ஒரே திசையில் அடித்துக்கொண்டு போகும். அதன் முன்னால் வைத்த பவளம் கிழியும், பாறைக்குப் பின்னால் தேங்கும். இரண்டில் ஒன்று பழுதானாலும் இன்னொன்று தொட்டியைக் காப்பாற்றும்.

லிட்டர் எண்ணைவிட முக்கியமானது பம்பின் வாய். அதே 2000 லிட்டர் குறுகிய வாய் வழியே வந்தால் குழாயடி மாதிரி பீய்ச்சும், அகலமான விசிறி வழியே வந்தால் தென்றல் மாதிரி பரவும். பவளத்துக்கு விசிறி வகைதான் சரி. வேகத்தை மாற்ற வசதி இருப்பதாகப் பாருங்கள். உப்புநீருக்கு என்று செய்யப்பட்டதா என்பதும் முக்கியம்: உலோகத் தண்டு துருப்பிடித்துத் தண்ணீரைக் கெடுக்கும், செராமிக் தண்டு நல்லது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் இழுக்கும் வாட் முழுவதும் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். அதனால் வாட் குறைந்ததை எடுங்கள். கடல் அனிமோன் வளர்ப்பதாக இருந்தால் பம்புக்குக் கண்டிப்பாக வலை போடுங்கள். அது நகர்ந்து போய் விசிறியில் சிக்கினால் ஒரே இரவில் தொட்டி நாறிவிடும்.

படி 5: எங்கே ஒட்டுவது?

இடது கண்ணாடியில் ஒன்று, வலது கண்ணாடியில் ஒன்று, இரண்டும் மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். இரண்டின் ஓட்டமும் நடுவில், முன்கண்ணாடியை நோக்கி மோதிக்கொள்ளட்டும். மோதும் இடத்தில்தான் தாறுமாறான சுழல் உண்டாகும், பவளத்துக்கு வேண்டியது அதுதான். ஒன்றை லேசாக மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு நெளியும்படி வையுங்கள். எண்ணெய்ப் படலம் தங்காது, ஆக்சிஜன் கரையும். எந்த பம்பையும் பவளத்துக்கு நேராகத் திருப்பாதீர்கள். பாறையைப் பின்கண்ணாடியோடு ஒட்டி அடுக்காமல் கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலே ஏறட்டும். வழிந்து வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கரும் இருக்கவேண்டும்.

படி 6: உட்கார்ந்து பாருங்கள்

முப்பது, நாற்பது சதவீத வேகத்தில் தொடங்குங்கள். ஒரு சிட்டிகை உணவைப் போட்டு, அது எங்கே போய்த் தங்குகிறது என்று பாருங்கள். அங்கேதான் நாளை கழிவும் தங்கும். பம்பை ஒரு விரல் அளவு திருப்பினாலே பல சமயம் சரியாகிவிடும். மணல் குழிவிழுந்தால் ஓட்டம் அதிகம்.

டார்ச் பவளத்தின் கைகள் ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி ஆடி, நடுவே ஓய்வெடுக்கவேண்டும். காற்றில் தலைமுடி மாதிரி எல்லாம் ஒரே பக்கம் படிந்து நின்றால் குறையுங்கள். பவளத்தின் எலும்புக்கூட்டு ஓரத்தில் சதை விலகுகிறதென்றால் உடனே குறையுங்கள். அக்ரோபோராவின் கிளைகளுக்கு இடையே தூசி படிந்தால் கூட்டுங்கள். ஒரு மாற்றம் செய்துவிட்டு மூன்று நான்கு நாள் பொறுங்கள். தினமும் திருகிக்கொண்டே இருந்தால் எது எதனால் என்றே தெரியாது.

படி 7: கழுவுதல்

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். பழைய பல்துலக்கியால் இம்பெல்லரையும் (உள்ளே சுழலும் விசிறி) அது உட்காரும் குழியையும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கழுவிய பம்ப் முழு வேகத்துக்குத் திரும்பியிருக்கும், பவளமோ அடைத்துப்போன பம்பின் மந்தமான ஓட்டத்துக்குப் பழகியிருக்கும். அதனால் மாட்டும்போது பழைய அளவிலிருந்து பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்து வைத்து, ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள்.