பேஸ் கிட்டாருக்குப் புது கீ: வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

தேர்த் திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் என் பேஸின் ஏ கம்பி சுருதியில் நிற்காமல் போனது. ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடும். ஹட்டனிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப ஒரு நாள் போய் எடுத்து வருவதென்றால் இரண்டு நாள் சம்பளம் போகும். அதனால் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் அந்தக் கீயை நானே மாற்றினேன். பிறகு நண்பர்களின் கிட்டார்கள் மூன்றுக்கும் மாற்றிக் கொடுத்தேன். அந்த நான்கிலும் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பழுது கீயில்தானா?

கீயைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் தளர்வு எல்லா பல்சக்கரத்திலும் இருக்கும். கம்பி சுற்றும் தண்டே ஆடினாலோ, திருப்பும்போது பல் தாவினாலோதான் மாற்ற வேண்டும். இன்னொன்று: சுருதியைக் கூட்டி வந்து நிறுத்த வேண்டும், குறைத்து வந்து நிறுத்தக் கூடாது. கூடிப்போனால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பல்லுக்கிடையிலுள்ள தளர்வு பிறகு கம்பியை இறக்கிவிடும். இதை மட்டும் சொல்லிக் கொடுத்து ஒரு தம்பியின் கிட்டாரைக் கழற்றாமலே திருப்பி அனுப்பினேன்.

வாங்கும் முன் அளவு

பழைய கீ ஒன்றைக் கழற்றி, தலைப்பலகையில் உள்ள துளையின் விட்டம், பலகையின் தடிப்பு, ஸ்குரூத் துளைகளுக்கு இடையிலுள்ள தூரம் மூன்றையும் வெர்னியரால் அளந்து எழுதுங்கள். அடிமட்டம் போதாது. அரை மில்லிமீட்டர் தவறினாலும் புஷ் (கீயின் தண்டைச் சுற்றித் துளைக்குள் உட்காரும் உலோக வளையம்) உள்ளே இறங்காது, அல்லது ஆடும். 1951இல் ஃபெண்டர் கொண்டுவந்த பிரசிஷன் பேஸ் மாதிரி நான்கு கீயும் ஒரே பக்கம் இருக்கிறதா, பக்கத்துக்கு இரண்டா என்பதையும் பார்த்துச் சொல்லி வாங்குங்கள். பணம் இருந்தால் ஜப்பான் கம்பெனியான கோட்டோவின் கீ வாங்கச் சொல்வேன். திருப்பும்போது கைக்கே வித்தியாசம் தெரியும்.

கழற்றுதல்

நான்கு கம்பியையும் முழுதாகத் தளர்த்திய பிறகே எடுங்கள். இழுவிசையில் இருக்கும் பேஸ் கம்பியை வெட்டினால் முகத்தில் அடிக்கும். அடுத்து ஸ்குரூ. என் கை சுட்ட இடம் இதுதான்.

நம் பக்கத்தில் மே மாதம் தொடங்கினால் மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும். உறைக்குள் வைத்தாலும் ஈரம் ஏறும். என் கிட்டாரின் ஸ்குரூக்கள் மேலே பளபளவென்றுதான் இருந்தன. மரத்துக்குள் இருந்த பகுதி துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பேட்டரி ட்ரில்லை வைத்துத் திருப்பினேன். மூன்றாவது ஸ்குரூவில் 'டக்' என்று ஒரு சத்தம். தலை மட்டும் கையோடு வந்தது, உடல் மரமட்டத்தோடு உள்ளே நின்றுவிட்டது.

தயவுசெய்து இந்த வேலைக்கு ட்ரில்லைத் தொடாதீர்கள். தலைக்குழியில் இறுக்கமாக உட்காரும் கைத் திருப்புளி போதும். வரவில்லையென்றால் சூடான சோல்டரிங் அயனின் முனையை ஸ்குரூத் தலையில் அரை நிமிடம் வையுங்கள், பக்கத்தில் பெயின்ட்டில் படாமல். ஆறியதும் முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு திருப்பி, பிறகு கழற்றுங்கள். பிடி விட்டு வருவது விரலுக்கே தெரியும்.

அப்படியும் உடைந்தால், எனக்குத் தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவர் காட்டித்தந்த வழி: பழைய ரேடியோ ஏரியலிலிருந்து, உடைந்த ஸ்குரூ உள்ளே போகும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை வெட்டி, அதன் வாயில் அரத்தால் நான்கு பல் அறுத்தார். அதை ட்ரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்ற, ஸ்குரூவைச் சுற்றி மரம் வட்டமாக வெட்டுப்பட்டு, உள்ளே இருந்தது மரத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்தத் துளைக்குத் தேக்கில் ஒரு ஆப்பு சீவி, மரப்பசை தடவி அடித்துவிட்டு ஒரு இரவு காயவிட்டோம்.

பூட்டுதல்

பழைய புஷ்ஷைப் பின்பக்கமிருந்து ஒரு மரக்குச்சியால், சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே தள்ளுங்கள். புதியதை இறக்கிக் கீயை வைத்துப் பாருங்கள். பழைய ஸ்குரூத் துளைகள் பொருந்தினால் அதிர்ஷ்டம். ஓரளவு விலகியிருந்தால், பல்குத்தும் குச்சியில் பசை தடவி அடைத்து, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிடுங்கள்.

நான்கு கீயையும் வைத்து ஒரு நேரான மட்டத்தால் வரிசை பார்த்த பிறகே குறியிட வேண்டும். ட்ரில் பிட், ஸ்குரூவின் புரியை விட்டுவிட்டு நடுத்தண்டின் அளவு இருக்கட்டும். என்னுடையதற்கு 2 மில்லிமீட்டர் சரியாக இருந்தது. ஸ்குரூவின் நீளத்துக்கு பிட்டில் டேப் சுற்றிக்கொண்டால் மறுபக்கம் துளைத்துப் போகாது. ஒவ்வொரு ஸ்குரூவையும் மெழுகுதிரியில் உரசிவிட்டு முடுக்குங்கள். சவர்க்காரம் வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். நம் ஊருக்கு மெழுகுதான்.

கம்பி

கீயைத் தாண்டி ஐந்து அங்குலம் விட்டு, வெட்டும் இடத்தை முதலில் குறட்டால் செங்கோணமாக மடியுங்கள். மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று நழுவிக் கம்பி செத்துப்போகும். நுனியைத் தண்டின் நடுத்துளையில் இறக்கி, மடக்கி, கீழ்நோக்கி இரண்டு மூன்று சுற்று வரும்படி முடுக்குங்கள். ஈ, ஏ, டி, ஜி என்று நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கழுத்துக்கு இழுவிசை திரும்ப வரும்போது முதலில் ஏற்றியது இறங்கும். அடுத்த நாள் காலை ஒருமுறை பார்த்தால் போதும்.

பிறகு சேர்த்தது: பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி, புது கீயில் ஸ்குரூ ஒன்றுதான் இருக்கிறது, முன்பக்கம் அறுகோண நட் இருக்கிறது என்று கேட்டிருந்தார். அது மூடிய வகை. அதில் பிடியைக் கொடுப்பது முன்பக்க நட்தான்; பின்னால் உள்ள சின்ன ஸ்குரூ கீ சுழலாமல் தடுப்பதற்கு மட்டும். அதனால் முதலில் நட்டைக் கையால் இறுக்கி, வரிசை பார்த்து, ஸ்குரூவைப் போட்டு, கடைசியில் ஸ்பேனரால் நட்டைக் கால் சுற்று முடுக்குங்கள். ஒரு மாதம் கழித்து மரம் அமுங்கி அது தளரும். அப்போது இன்னொரு சின்ன முடுக்கு.