ஸ்டெயின்லெஸ் குழாய் வெல்டில் எடி கரண்ட் சோதனை: எது விரிசல், எது வெறும் சத்தம்

சேலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புதிதல்ல. உருக்காலை 1981இலிருந்து அந்தத் தகட்டை உருட்டுகிறது. பால் ஆலைகளில் ஓடும் குழாயும் பெரும்பாலும் 304 கிரேடுதான். டிக் வெல்டிங் முடிந்ததும் விரிசல் பார்க்க எல்லோரும் முதலில் எடுப்பது சிவப்பு டை, அதாவது விரிசலுக்குள் இறங்கி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம். ஆனால் சித்திரை வெயிலில் வெளியே கிடக்கும் குழாய் கை வைக்க முடியாமல் கொதிக்கும். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் சில்லிட்டுப் போய், மேலே பனி ஈரமும் படிந்திருக்கும். சூட்டில் டை காய்ந்துவிடும். குளிரில் விரிசலுக்குள் இறங்க நேரமாகும். எடி கரண்ட் சோதனையில் ப்ரோபின் சுருள் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும்; விரிசல் அதை மறித்தால் திரையில் சிக்னல் எழும். இதற்கு ஈரம் ஒரு பொருட்டல்ல, மெல்லிய பெயிண்டும் பெரிய தடையில்லை. அதன் தொல்லை வேறு: விரிசலே இல்லாத இடத்திலும் சிக்னல் எழும். அதைப் பிரித்தறிவதில்தான் வேலை முழுக்க இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு, பெயரளவில் 2 அங்குலக் குழாய் ஒன்றை வைத்துக்கொள்வோம்: வெளிவிட்டம் 60.3 மி.மீ., சுவர் 2.77 மி.மீ. 304இல் 300 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் மின்னோட்டம் 0.8 மி.மீ. ஆழத்திலேயே 37 சதவீதமாகக் குறைந்துவிடும். 100 கிலோஹெர்ட்ஸில் அந்த ஆழம் 1.35 மி.மீ., 25 கிலோஹெர்ட்ஸில் 2.7 மி.மீ. ஆகவே மேற்பரப்பு விரிசலுக்கு 300 முதல் 500 வரை, ரூட் பக்கம் (குழாயின் உள்பக்கமுள்ள வெல்டின் அடி) பார்க்க 25 முதல் 30 வரை. ஒரே ஓட்டத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று நடுவில் 100ஐப் பிடித்தால் இரண்டுமே அரைகுறையாகும். கார்பன் ஸ்டீல் குழாயில் இந்தக் கணக்கு செல்லாது. அது காந்தத்தன்மை உள்ளது; 100 கிலோஹெர்ட்ஸில் மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குகூட இறங்காது. அங்கே மேற்பரப்பில் வாய் திறந்த விரிசல் மட்டுமே சிக்கும்.

கருவியை ஒப்பிட்டுச் சரிசெய்ய உதவும் ரெஃபரன்ஸ் துண்டை அதே குழாயின் மிச்சத்திலேயே செய்யுங்கள். சுமார் 150 மி.மீ. நீளம், நடுவில் அதே வெல்டர் அதே கம்பியில் போட்ட ஒரு நல்ல வெல்ட். ஸ்பார்க் எரோஷன் மெஷின் உள்ள டூல் ரூமில் கொடுத்து 0.5, 1, 2 மி.மீ. ஆழத்தில் மூன்று கீறல் போடச் சொல்லுங்கள், அகலம் 0.2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். உள்பக்கம் 1 மி.மீ. ஆழத்தில் இன்னொன்று. ஹேக்ஸா பிளேடால் அறுத்து ஒப்பேற்றினால் கீறல் அகலமாகிவிடும். நிஜ விரிசலின் இரு முகங்களும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதன் சிக்னல் சிறியது. ஹேக்ஸா கீறலை வைத்து கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வைத்தவர் அதைக் கோட்டைவிடுவார்.

வெல்டுக்குக் குறுக்குச் சுருள் டிஃபரன்ஷியல் ப்ரோப் எடுங்கள்; அது குறுக்காக வைத்த இரு சுருள்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் காட்டும். சாதாரண ஒற்றைச் சுருள் ப்ரோப் வெல்டின் மேடுபள்ளத்துக்கெல்லாம் துள்ளும். ப்ரோபை நல்ல இடத்தில் வைத்து நல் செய்து (சிக்னலைப் பூஜ்யமாக்கி), மெல்லத் தூக்குங்கள். தூக்கும்போது வரும் அந்த லிஃப்ட்-ஆஃப் கோடு திரையில் கிடையாகப் படுக்கும்வரை ஃபேஸை (சிக்னலின் கோணத்தை) திருப்புங்கள். பிறகு 1 மி.மீ. கீறல் திரை உயரத்தில் 80 சதவீதம் எழும்படி கெயின். அடுத்து 80 ஜி.எஸ்.எம். காகிதம் ஐந்து தாளை நடுவில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பதால் அது அரை மி.மீ. பெயிண்டுக்குச் சமம். சிக்னல் எவ்வளவு குறைகிறதோ அதைக் குறித்துவைத்து, பெயிண்ட் உள்ள குழாயில் அந்த அளவுக்கு கெயினைக் கூட்டுங்கள்.

ஓட்டும் முன் ஸ்பாட்டரை (வெல்டிங்கில் தெறித்து ஒட்டிய உலோகத் துளிகளை) தட்டி எடுங்கள். கார்பன் ஸ்டீலுக்குப் பயன்படுத்திய டிஸ்க்கால் இதை அரைக்காதீர்கள்; ஒட்டிய இரும்புத் தூள் ஒவ்வொன்றும் ஒரு பொய் விரிசல். பக்கத்தில் யாராவது டிக் ஆர்க் பற்றவைத்தால் திரை முழுக்க முள்ளாக எழும். அந்த நேரம் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்து வரலாம்.

வெல்டின் முகடு, இரண்டு ஓரங்கள், ஓரத்திலிருந்து இருபுறமும் 10 மி.மீ. வரை வெப்பம் தாக்கிய பகுதி எல்லாம் ஓட்ட வேண்டும். சுற்று வட்டம் 189 மி.மீ.; மேலே 12 மணி நிலையைச் சாக்பீஸால் குறித்து அங்கிருந்து தொடங்குங்கள். வரிக்கு வரி 1.5 மி.மீ. நகர்த்தினால் போதும். வேகம் சீராக இருக்கட்டும். மெதுவாக மாறும் சிக்னலை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டிருந்தால் ரொம்ப மெதுவாக ஓட்டுவதும் ஆபத்து, சிக்னலை ஃபில்டரே விழுங்கிவிடும். இந்த ப்ரோபில், சுருளுக்கு 45 டிகிரியில் கிடக்கும் விரிசலை இரு சுருள்களும் ஒன்றையொன்று அடித்து மறைத்துவிடும். அதனால் ப்ரோபை 45 டிகிரி திருப்பி இன்னொரு ஓட்டம் கட்டாயம். அவசரத்தில் முதலில் வெட்டப்படுவதும் இந்த ஓட்டம்தான்.

சத்தத்தின், அதாவது பொய் சிக்னலின், முக்கிய ஊற்று ஃபெரைட் எனும் காந்தத்தன்மையுள்ள எஃகு அமைப்பு. 304 குழாயில் போடும் 308எல் கம்பி, உருகி உறையும்போது சூட்டு விரிசல் விடாமலிருக்க, கொஞ்சம் ஃபெரைட்டோடு உறையும்படி செய்யப்பட்டது. அதனால் வெல்ட் லேசாகக் காந்தத்துக்கு இழுபடும். நூலில் கட்டிய சின்னக் காந்தத்தை வெல்டருகே தொங்கவிட்டால் சாய்வது கண்ணுக்கே தெரியும். ப்ரோப் குழாயிலிருந்து வெல்டுக்குள் நுழையும் இடத்தில் வரும் சிக்னல் இதனால்தான். அது அகலமாக, மெதுவாக எழும். சுற்று முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். விரிசல் சட்டென்று எழுந்து சட்டென்று விழும், ஒரே இடத்தில் நிற்கும். ரெஃபரன்ஸ் துண்டின் நல்ல வெல்டில் ஃபெரைட் சிக்னலின் கோணத்தையும் கீறலின் கோணத்தையும் தனித்தனியே எழுதிவையுங்கள். உயரத்தை மட்டும் பார்த்து அலாரம் வைத்தால் எல்லா ஜாயின்டும் ரிஜெக்ட் ஆகும். வெல்டர் ஆர்க்கை நிறுத்திய இடத்தை மட்டும் இரண்டு முறை ஓட்டுங்கள். பள்ள விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ரூட்டைப் பார்க்க, வெல்ட் முகட்டைக் குழாய் மட்டத்துக்கு அரைத்த பிறகே குறைந்த ஃப்ரீக்வன்சி ஓட்டம் பயன் தரும். அப்போதும் பெரிய ரூட் குறைதான் தெரியும்; ரூட் முழுக்க இறங்கியிருக்கிறதா என்பதற்கு ரேடியோகிராஃபிதான் தீர்ப்பு.

சந்தேக இடத்தை 0.2 மி.மீ. அளவுக்கு அரைத்து மறுபடி ஓட்டுங்கள். அரைத்த இடத்தில் டை அடித்து ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அரைக்கும்போது உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும், எடி கரண்ட் அதையும் தாண்டிக் காட்டும். சிக்னல் போகும்வரை அரைத்து, மிச்சமுள்ள சுவரை அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டரால் அளந்து, வரைபடத்தில் உள்ள குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் ஜாயின்டை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் வேலை முடிவிலும் ரெஃபரன்ஸ் துண்டில் ஓட்டிப் பாருங்கள். 1 மி.மீ. கீறல் 80 சதவீதத்திலிருந்து வெகுவாக இறங்கியிருந்தால், கடைசியாகச் சரிபார்த்ததற்குப் பிறகு ஓட்டிய ஜாயின்ட் அத்தனையையும் மீண்டும் ஓட்ட வேண்டும்.