கவுன்சில் வீடு மறுத்தால்: முறைப்பாடு எழுதும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கு லண்டனில் ஓர் அக்காவுக்குக் கடிதங்கள் வாசித்துச் சொல்வதற்காகப் போயிருந்தேன். இரண்டு பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்தார். ஜன்னல் திட்டில் ரைஸ் குக்கர், கட்டிலுக்கு அடியில் பள்ளிக்கூடப் பைகள். கவுன்சில் அனுப்பிய எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார். அதில் ஒன்று, நீங்களாகவே வீட்டை இழந்தீர்கள், அதனால் உங்களுக்கு வீடு தரும் கடமை எங்களுக்கு இல்லை என்று சொல்லும் முடிவுக் கடிதம். "நான் அப்பவே கம்ப்ளெயின்ட் போட்டிட்டன் தம்பி" என்றார். போட்டிருந்தார்தான், கவுன்சில் இணையத்தளத்தில் உள்ள முறைப்பாட்டுப் படிவத்தில். ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், 21 நாட்களுக்குள் ரிவியூ, அதாவது முடிவை மறுபடி பரிசீலிக்கும்படி, கேட்கலாம் என்று எழுதியிருந்தது. நான் போனது 34ஆவது நாள்.

இங்கிலாந்தில் நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் இதுதான் மிகவும் விலை கொடுக்க வைப்பது. முறைப்பாடு வேறு, ரிவியூ வேறு. முறைப்பாடு போட்டால் கவுன்சில் மன்னிப்புக் கேட்கலாம், தாமதத்துக்கு விளக்கம் சொல்லலாம். முடிவை மாற்றுவது முறைப்பாடுகளைப் பார்ப்பவர்களின் வேலை இல்லை. முடிவை மாற்ற வைக்கும் வழி 1996ஆம் ஆண்டு ஹவுசிங் ஆக்டின் 202ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் வீடற்றவர் இல்லை, முன்னுரிமை இல்லை, வேண்டுமென்றே வீட்டை இழந்தீர்கள், வேறு கவுன்சிலுக்கு அனுப்புகிறோம் என்பது போன்ற முடிவுகளுக்கெல்லாம் ரிவியூதான் கேட்க வேண்டும். முதல் முடிவில் சம்பந்தப்படாத, மேல்நிலையில் உள்ள அலுவலர் அதைப் பார்ப்பார். அதிலும் தோற்றால், சட்டப் பிழை இருக்கும் பட்சத்தில், அடுத்த 21 நாட்களுக்குள் கவுண்டி கோர்ட்டுக்குப் போகலாம்.

ரிவியூ கேட்க நீண்ட கடிதம் தேவையில்லை. "202ஆம் பிரிவின் கீழ் ரிவியூ கேட்கிறேன், காரணங்களைப் பிறகு அனுப்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மின்னஞ்சல் போதும். வழக்கறிஞர் கிடைக்கட்டும், மருத்துவர் கடிதம் வரட்டும் என்று காத்திருந்து நாளைத் தவற விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். முதலில் வரியை அனுப்புங்கள், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். கவுன்சிலர் அல்லது எம்.பி.க்கு எழுதுவதும் நல்லதுதான், ஆனால் அதற்காக அந்த 21 நாள் நின்று காத்திருக்காது. நாள் கடந்து போயிருந்தால் கால நீட்டிப்புக் கேட்டு எழுதலாம். கொடுப்பதும் மறுப்பதும் கவுன்சிலின் கையில். அந்த அக்காவுக்குக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

அடுத்தது, கடிதமே வாங்காமல் திரும்பி வருவது. வரவேற்பு மேசையிலோ தொலைபேசியிலோ "உங்களுக்கு எங்களால் உதவ முடியாது" என்று சொன்னவுடன் சரி என்று வந்துவிடுகிறோம். எழுத்தில் முடிவு இல்லாவிட்டால் எதை ரிவியூ செய்வது? ஒருவர் வீடற்றவராக இருக்கலாம், அல்லது 56 நாட்களுக்குள் ஆகக்கூடும் என்று நினைக்கக் காரணம் இருந்தாலே கவுன்சில் விசாரித்து, முடிவை எழுத்தில் தர வேண்டும். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் 28 நாளாக இருந்ததை 56 ஆக்கியது. தராமல் திருப்பி அனுப்பினால், அதுவே சரியான முறைப்பாடு. அன்றே, போன நேரம், பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதி அதே கவுன்சிலுக்கு மின்னஞ்சல் செய்யுங்கள்.

வீட்டுச் சொந்தக்காரர் வெளியேறச் சொன்னவர்களிடம் "பெய்லிஃப் (நீதிமன்ற உத்தரவோடு வெளியேற்ற வருபவர்) வரும் வரை வீட்டிலேயே இருங்கள்" என்று கவுன்சில் எல்லோருக்கும் ஒரே பதிலாகச் சொல்வதும் அரசின் வழிகாட்டலுக்கு மாறானது. அதற்காகக் கோபத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறாதீர்கள். வேண்டுமென்றே வீட்டை இழந்தார் என்ற முடிவு அங்கிருந்துதான் பிறக்கிறது. முதலில் ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை தரும் தொண்டு நிறுவனங்களில் கேளுங்கள்.

இனி சொல்லப்போவது நம்மிடம் மட்டும் இருக்கும் ஒரு பழக்கம் என்று நினைக்கிறேன். அந்த அக்காவின் கோப்பைக் கேட்டு வாங்கினோம். உங்களைப் பற்றி கவுன்சில் வைத்திருக்கும் பதிவுகளை இலவசமாகக் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். முதலில் விண்ணப்பித்தபோது நடந்த நேர்காணலின் குறிப்பில், தங்கை வீட்டில் இருக்கிறார், சமாளிக்கிறார் என்று இருந்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எப்படியோ சமாளிக்கிறம் எண்டு சொன்னன்" என்றார். நாம் அதைச் சொல்வது வேறு வழியில்லாத போது. கேட்ட அலுவலருக்கோ, சிக்கல் இல்லை என்று விளங்கியிருக்கிறது. உண்மையில் ஆறு பேர் இருந்த ஃபிளாட்டில், வரவேற்பறைத் தரையில், தங்கையின் கணவர் இரவு வேலை முடிந்து வரும் வரை படுத்திருந்தார்கள். வெட்கத்தால் அதைச் சொல்லவில்லை. தங்கை எந்த நேரமும் போகச் சொல்லலாம், அங்கே தொடர்ந்து இருப்பது நியாயமில்லை என்றால், தலைக்கு மேல் கூரை இருந்தாலும் சட்டப்படி நீங்கள் வீடற்றவர்தான். அதனால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அகதி அந்தஸ்து கிடைத்து ஹோம் ஆபீஸ் வீட்டை விட்டு லண்டனுக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு உங்களைத் தங்க வைத்த ஊரோடுதான் உங்களுக்குத் தொடர்பு என்று சொல்லி, லண்டன் கவுன்சில் அங்கே அனுப்பலாம். ஆனால் விண்ணப்பத்தையே வாங்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அண்ணனோ அக்காவோ அந்தப் பகுதியில் ஐந்து வருடமாக இருக்கிறார் என்றால் முதல் நாளே சொல்லுங்கள், அது கணக்கில் வரும்.

தரும் வீடு தூரம், மாடிப்படி அதிகம் என்று மறுப்பது இன்னொரு பெரிய பிழை. இறுதி வீட்டு வாய்ப்பை மறுத்தால் கவுன்சிலின் கடமை அதோடு முடிந்துவிடலாம். ஏற்றுக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டு, அதே வாரம் பொருத்தமில்லை என்று ரிவியூ கேட்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விசாரணை முடியும் வரை தரும் தற்காலிக இடத்துக்கு இந்த ரிவியூ இல்லை. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், சட்ட உதவி கிடைக்க வாய்ப்பு உண்டு.

சரி, எதற்குத்தான் முறைப்பாடு? தாமதம், பதில் இல்லாமை, தொலைந்த ஆவணங்கள், மொழிபெயர்ப்பாளர் தராமை. அப்புறம் மிக முக்கியமாக, பிள்ளைகள் உள்ள குடும்பத்தையோ கர்ப்பிணியையோ ஆறு வாரத்துக்கு மேல் பி அண்ட் பி-யில் (சமையலறை, குளியலறையைப் பிறரோடு பகிரும் தங்குவிடுதி அறை) வைத்திருப்பது. வேறு இடமே இல்லாதபோதுதான் அங்கே வைக்கலாம், அதுவும் ஆறு வாரம் வரைதான். கவுன்சிலின் சொந்த ஹாஸ்டலுக்கு இந்த விதி பொருந்தாது, எனவே கட்டடம் யாருடையது என்று கேட்டு வையுங்கள். 2025இல் இங்கிலாந்தில் 1,30,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இடங்களில் இருந்தன. கவுன்சில்களுக்கு நெருக்கடி உண்மைதான், ஆனாலும் விதி விதிதான்.

எழுதும்போது ஆறு பக்கம் வேண்டாம். தேதி, நடந்தது, அதனால் வந்த பாதிப்பு, உங்களுக்கு என்ன வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கவுன்சிலின் முறைப்பாட்டு நடைமுறையில் இரண்டு கட்டங்களும் முடிந்தும் திருப்தியில்லையென்றால், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை. பிரச்சினை உங்களுக்குத் தெரிய வந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் என்பவர் வேறு, கவுன்சில் தன் வாடகைக்காரர்களுக்கு வீட்டுச் சொந்தக்காரராக நடந்துகொள்வது பற்றிய முறைப்பாடுகளைப் பார்க்கிறவர், அங்கே அனுப்பி மாதங்களை இழக்காதீர்கள். பொருந்தாத இடத்தில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 150 முதல் 350 பவுண்டு வரை கொடுக்கச் சொல்வது முதலில் சொன்ன ஒம்புட்ஸ்மனின் வழக்கம். அதற்கு எந்தத் தேதியில் போனீர்கள், எந்தத் தேதியில் வெளியே வந்தீர்கள் என்று காட்ட வேண்டும். அக்காவின் பிளாஸ்டிக் பையில் அந்தக் கடிதங்கள் எல்லாம் இருந்தன.