நுரையீரல் புற்றுநோய் ஆர்என்ஏ தரவைப் படிப்பது எப்படி: மரபணு வெளிப்பாட்டிலிருந்து ஸ்ப்ளைசிங் வரை

ஒரு மரபணுவிலிருந்து வரும் ஆர்என்ஏவின் மொத்த அளவு கொஞ்சமும் மாறாமல் இருக்கலாம்; அதிலிருந்து உருவாகும் புரதம் மட்டும் வேறாகிப்போயிருக்கலாம். நுரையீரல் புற்றுநோயில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு மெட் என்ற மரபணு. நுரையீரல் புற்றுநோயின் ஒரு முக்கிய வகையான அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காட்டினரிடம் இதன் 14ஆம் எக்ஸான் (இணைத்து வைக்கப்படும் ஆர்என்ஏ துண்டுகளில் ஒன்று) முதிர்ந்த ஆர்என்ஏவில் விடுபட்டுப்போகிறது. அந்த எக்ஸானின் நீளம் 141 எழுத்துகள். மூன்று எழுத்துகளுக்கு ஓர் அமினோ அமிலம் என்பதாலும் 141 மூன்றால் மீதியின்றி வகுபடுவதாலும் புரதத்தின் மற்ற பகுதி குலைவதில்லை, 47 அமினோ அமிலங்கள் குறைகின்றன, அவ்வளவுதான். ஆனால் மெட் ஏற்பியை அழிப்பதற்காக சிபிஎல் என்ற புரதம் வந்து பற்றும் இடம் அந்த 47க்குள் இருக்கிறது. அது போனதும் ஏற்பி சிதையாமல் நீடித்து, செல்லை வளரச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த மாற்றத்துக்கான மருந்துகளான காப்மாடினிப் 2020இலும் டெபோடினிப் 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

மரபணு அளவைக் கணக்கிட்டதோடு நிறுத்தினால் இது கண்ணில் படாது. அதனால்தான் இந்த விளக்கத்தில் வெளிப்பாடு (மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்என்ஏ வருகிறது என்பது), ஸ்ப்ளைசிங் (அந்த ஆர்என்ஏ எப்படி வெட்டி இணைக்கப்படுகிறது என்பது) இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்குமுன்

டிஎன்ஏவிலிருந்து முதலில் படியெடுக்கப்படும் ஆர்என்ஏவில் எக்ஸான்களும் இன்ட்ரான்களும் கலந்தே இருக்கும். இன்ட்ரான்களை வெட்டி எறிந்து எக்ஸான்களை இணைப்பதுதான் ஸ்ப்ளைசிங். 1977இல் கண்டறியப்பட்ட இதற்காக ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. எந்த எக்ஸானைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது செல்லுக்குச் செல் மாறும். புற்றுநோய்ச் செல்லில் அந்தத் தேர்வு பல இடங்களில் தடம் மாறுகிறது.

படி 1: தரவைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே நோயாளியின் கட்டித் திசுவும் அருகிலுள்ள இயல்புத் திசுவும் சோடியாக உள்ள தரவு பயில்வதற்கு நல்லது. ஜியோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஜிஎஸ்இ40419 என்ற எண்ணில் கொரிய நோயாளிகளின் தொகுப்பு இருக்கிறது: 87 அடினோகார்சினோமா மாதிரிகள், 77 இயல்பு மாதிரிகள். முதல் முயற்சிக்கு அதிலிருந்து ஒரு பத்து சோடி போதும். டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு இன்னும் பெரியது. அதன் மரபணு எண்ணிக்கைகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன, கருவி படித்த ஆர்என்ஏ துண்டுகளான மூல ரீட்களுக்குத் தனி அனுமதி வேண்டும். கணினி சிறியதாக இருந்தால் ரீகவுண்ட்3 தளத்தில் ஏற்கெனவே கணக்கிட்ட மரபணு எண்ணிக்கைகளும் எக்ஸான் சந்திப்பு (இரு எக்ஸான்கள் இணையும் இடம்) எண்ணிக்கைகளும் கிடைக்கும்.

அடினோகார்சினோமாவையும் ஸ்குவாமஸ் வகையையும் ஒரே குழுவில் போடாதீர்கள். பெயர் நுரையீரல் புற்றுநோய் என்றாலும் மரபணு வெளிப்பாட்டில் இவை இரண்டு வேறு நோய்கள் போலத்தான் தெரியும்.

படி 2: தரம் பாருங்கள்

ஃபாஸ்ட்கியூசி என்ற தரச் சோதனைக் கருவியில் ஒவ்வொரு கோப்பையும் ஓட்டுங்கள். அடாப்டர் (ஆய்வகத்தில் முனைகளில் ஒட்டப்படும் செயற்கைத் துண்டு) எச்சம் இருந்தால் ஃபாஸ்ட்பி கருவியால் நீக்குங்கள். வெட்டியபின் ரீட்களின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. பின்னால் ஸ்ப்ளைசிங்கைக் கணக்கிடும் ஆர்மேட்ஸ் கருவியை ஓட்டும்போது, நீளம் மாறுபடும் என்பதை அதற்குரிய தெரிவில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அது பல ரீட்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

படி 3: மரபணுத்தொகுதியோடு பொருத்துங்கள்

ஸ்ப்ளைசிங் பார்க்க வேண்டுமென்றால், இன்ட்ரானைத் தாண்டி ரீட்டை இரண்டாகப் பிரித்துப் பொருத்தத் தெரிந்த கருவி வேண்டும். ஸ்டார் அதற்குச் சரியானது. மனித மரபணுத்தொகுதிக்கு அது 30 ஜிபிக்கு மேல் நினைவகம் கேட்கும். அவ்வளவு இல்லாதவர்கள் ஹைசாட்2 எடுத்துக்கொள்ளலாம். ஜிஆர்சிஎச்38 என்ற மனித மரபணுத்தொகுதிப் பதிப்பு, அதில் மரபணுக்களும் எக்ஸான்களும் எங்கே உள்ளன என்று சொல்லும் ஜென்கோட் குறிப்புக் கோப்பு இரண்டும் ஒரே பதிப்பு வரிசையைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். ஸ்டாரை இருமுறைப் பொருத்தல் முறையில் ஓட்டினால், குறிப்பில் இல்லாத புதிய சந்திப்புகளும் நன்றாகப் பிடிபடும். மரபணு எண்ணிக்கையையும் கூடவே எழுதச் சொல்லும் தெரிவு அதில் உண்டு, அதையும் இயக்கிவிடுங்கள்.

படி 4: மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடுங்கள்

இங்கே ஆர் மொழியில் டிசெக்2 தொகுப்பு. அதற்குக் கொடுக்க வேண்டியது மூல எண்ணிக்கை. டிபிஎம் போன்ற சீராக்கிய மதிப்புகளைக் கொடுத்தால் கணக்கே பிழையாகும். வடிவமைப்பில் நோயாளி, திசு வகை இரண்டையும் எழுதுங்கள். அப்போதுதான் ஒவ்வொருவரின் கட்டியும் அவருடைய சொந்த இயல்புத் திசுவோடு ஒப்பிடப்படும்.

முடிவைப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு முதலில் பிசிஏ படம் (ஒத்த மாதிரிகளை அருகருகே காட்டும் புள்ளிப்படம்) வரையுங்கள். கட்டிகள் ஒரு பக்கமும் இயல்புத் திசுக்கள் மறுபக்கமும் பிரிய வேண்டும். அப்புறம் எக்ஸ்ஐஎஸ்டி, ஆர்பிஎஸ்4ஒய்1 என்ற இரு மரபணுக்களைப் பாருங்கள். முதலாவது பெண்களிடமும் இரண்டாவது ஆண்களிடமும் மிகுந்திருக்கும். ஒரு சோடிக்குள் இவை முரண்பட்டால் பெயர்ச்சீட்டு மாறியிருக்க வாய்ப்புண்டு. கட்டித் திசுவில் சில நேரம் இந்த மரபணுக்களே இழக்கப்படுவதால், இயல்புத் திசுவின் மதிப்பையே அதிகம் நம்புங்கள்.

பட்டியலில் ஏஜிஇஆர் மரபணு பெரிதும் குறைந்திருப்பதைக் காண்பீர்கள். கட்டி அதை அணைத்துவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். அது நுரையீரல் காற்றறைகளின் முதல் வகைச் செல்களில் மிகுதியாக வெளிப்படுவது. கட்டியில் அந்தச் செல்களே அருகிவிடுகின்றன. திசுத் துண்டில் எந்தச் செல்கள் எவ்வளவு இருந்தன என்பதும் இந்த எண்களுக்குள் கலந்திருக்கிறது. இதை மறந்து எழுதப்படும் விளக்கங்கள் மிக அதிகம்.

படி 5: ஸ்ப்ளைசிங் மாற்றத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு எக்ஸான் எத்தனை பங்கு ஆர்என்ஏக்களில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிஎஸ்ஐ என்ற எண் சொல்லும். கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓர் எக்ஸானுக்கு முன்சந்திப்பில் 40 ரீட், பின்சந்திப்பில் 44 ரீட், அதைத் தாண்டி நேரே இணையும் சந்திப்பில் 14 ரீட் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கப்பட்டதற்கு இரண்டு சந்திப்புகள் சாட்சி சொல்வதால் 84ஐ 2ஆல் வகுத்து 42. பிஎஸ்ஐ = 42 ÷ (42 + 14) = 0.75. நான்கு ஆர்என்ஏக்களில் மூன்றில் அந்த எக்ஸான் இருக்கிறது.

ஆர்மேட்ஸ் இதைத்தான் நீளத் திருத்தத்தோடு எல்லா எக்ஸான்களுக்கும் செய்து தருகிறது. கட்டியின் பாம் கோப்புகளின் (பொருத்திய ரீட்கள் உள்ளவை) பட்டியல் ஒன்று, இயல்புத் திசுவின் பட்டியல் ஒன்று, ஜென்கோட் கோப்பு, ரீட் நீளம் ஆகியவற்றைக் கொடுங்கள். இரு பட்டியல்களிலும் நோயாளிகள் ஒரே வரிசையில் இருக்கட்டும். சோடி ஒப்பீட்டுக்கான தெரிவையும் இயக்குங்கள். எக்ஸான் தாவல், இரு முனைகளிலும் மாற்று வெட்டுமிடம், ஒன்றுக்கொன்று மாற்றான எக்ஸான்கள், தங்கிவிட்ட இன்ட்ரான் என ஐந்து வகைக்குத் தனித்தனிக் கோப்புகள் வரும். எக்ஸான் தாவலில் தொடங்குங்கள்.

வடிகட்ட எஃப்டிஆர் (தவறான கண்டுபிடிப்புகளின் எதிர்பார்க்கும் பங்கு) 0.05க்குக் கீழ், பிஎஸ்ஐ வேறுபாடு குறைந்தது 0.1 என்பது வழக்கம். நான் இதோடு ரீட் எண்ணிக்கையையும் கட்டாயம் பார்ப்பேன். மொத்தமே நான்கு ரீட் உள்ள இடத்தில் 0.25 என்ற பிஎஸ்ஐக்குப் பொருளே இல்லை. சராசரியாக 10 ரீட்டாவது இல்லாத நிகழ்வுகளை விட்டுவிடுங்கள்.

சரி, மெட் பட்டியலில் வருமா? பெரும்பாலும் வராது! நூறு பேரில் மூன்று நான்கு பேரிடம் மட்டும் நடப்பது குழுச் சராசரியில் கரைந்துவிடும். உங்கள் பத்து சோடியில் அப்படி ஒருவர்கூட இல்லாமலும் போகலாம். எனவே ஒவ்வொரு மாதிரியின் பிஎஸ்ஐயையும் தனியாக எடுத்து, மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகியிருப்பவற்றைத் தேட வேண்டும். மருத்துவத்துக்கு மிகவும் பயன்பட்ட ஸ்ப்ளைசிங் மாற்றம் இப்படித்தான் ஒளிந்திருக்கிறது. குழு ஒப்பீட்டில் பலரிடமும் காணக்கூடியது நம்ப் மரபணுவின் 9ஆம் எக்ஸான்: கட்டிகளில் அது கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது.

படி 6: கண்ணால் பாருங்கள்

நம்பப்போகும் ஒவ்வொரு நிகழ்வையும் ஐஜிவி என்ற பார்வைக் கருவியில் திறந்து சஷிமி படம் வரையுங்கள். எக்ஸான்களை இணைக்கும் வளைவுகளும் அவற்றின் மேல் ரீட் எண்ணிக்கையும் தெரியும். மெட் 14 தாவியிருந்தால் 13லிருந்து 15க்கு நேரே ஒரு வளைவு போகும், 14இன் உயரம் குறைந்திருக்கும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 7: காரணம் தேடுங்கள்

இரண்டு இடங்களில் தேடலாம். ஒன்று, அந்த எக்ஸானின் ஓரங்களிலேயே டிஎன்ஏ மாற்றம் இருக்கிறதா என்பது. மெட் தாவலுக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். இன்னொன்று, ஸ்ப்ளைசிங்கை நடத்தும் புரதங்கள். ஆர்பிஎம்10 இயல்பாக நம்ப் 9ஆம் எக்ஸானைச் சேர்க்கவிடாமல் தடுக்கும். அடினோகார்சினோமாவில் இந்த மரபணு பழுதடைவதுண்டு. யு2ஏஎஃப்1 புரதத்தின் 34ஆம் இடத்தில் செரீன் ஃபீனைல்அலனீனாக மாறினால் இன்ட்ரானின் கடைசி முனையை அடையாளம் காணும் விருப்பமே மாறி, ஒரே நேரத்தில் பல மரபணுக்களில் வேறுபாடு தெரியும். உங்கள் மாதிரிகளின் மாற்றப் பட்டியல் கிடைத்தால் இவ்விரண்டையும் முதலில் தேடிப் பாருங்கள்.

ஆய்வகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கும் சோதனை) செய்து உறுதிப்படுத்தலாம். மெட் என்றால் பிரைமர்களை (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) 13ஆம் 15ஆம் எக்ஸான்களில் வையுங்கள். முழு ஆர்என்ஏவுக்கு ஒரு பட்டை, தாவியதற்கு 141 எழுத்து குறைந்த இன்னொரு பட்டை ஜெல்லில் தனித்தனியே வரும்.