பறவைக் காய்ச்சலுக்கு எத்தனை கிலோமீட்டர் வட்டம்? எக்செலில் ஒரு பரவல் மாதிரி

2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, கேரளத்திலிருந்து வந்த வண்டிகளுக்கு வாளையார் போன்ற எல்லைச் சோதனைச்சாவடிகளில் கிருமிநாசினி தெளித்தார்கள். நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள பறவைகளை அழிப்பதும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் நம் நாட்டு நடைமுறை. பொள்ளாச்சி அருகே கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளை மனத்தில் வைத்து, இந்த வட்டத்தை ஒரு மாதிரியில் சோதிப்போம்.

முதல் படி: 20 கிலோமீட்டர் சதுரத்தில் 40 கற்பனைப் பண்ணைகளை வைத்து, ஒவ்வொன்றின் கிழக்கு, வடக்குத் தொலைவுகளை எழுதுங்கள். அடுத்த நெடுவரிசையில் நோயற்றது 0, நோய் பிடித்தது 1, அழிக்கப்பட்டது 2 என்று நிலையைக் குறியுங்கள். கெர்மாக், மெக்கெண்ட்ரிக் இருவரும் 1927-இல் தந்த புகழ்பெற்ற தொற்றுநோய் மாதிரியிலும் இத்தகைய பிரிவுகள் உண்டு; ஆனால் அதில் யார் எங்கே இருக்கிறார் என்பதற்கு இடமில்லை.

இரண்டாம் படி: இரு பண்ணைகளுக்கு இடையிலுள்ள தொலைவை வர்க்கமாக்கி, 1 கூட்டி, வரும் எண்ணால் 1-ஐ வகுங்கள்; அந்த இரு பண்ணைகளுக்கு இடையே நோய் தாவும் வலிமை இது. 1 கிலோமீட்டருக்கு 0.5, 3 கிலோமீட்டருக்கு 0.1, 10 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.01 வரும். கடைசி எண் சிறியதுதான், ஆனால் பூஜ்யம் அல்ல.

மூன்றாம் படி: நோயற்ற ஒரு பண்ணையிலிருந்து 1, 3 கிலோமீட்டரில் நோயுற்ற பண்ணை ஒவ்வொன்று இருந்தால் கூட்டுத்தொகை 0.6. அதைப் பரவல் வேகமாக நாம் எடுத்துக்கொள்ளும் 0.2-ஆல் பெருக்கினால் 0.12. அதன் எதிர்க்குறி எண்ணை எக்ஸ்ப் (EXP) சார்பில் இட்டு, விடையை 1-இலிருந்து கழித்தால், அன்று தொற்று வரும் வாய்ப்பு 0.113 ஆகும். ரேண்ட் (RAND) சார்பு 0-க்கும் 1-க்கும் இடையில் தற்செயலாகத் தரும் எண் இதைவிடக் குறைந்தால், மறுநாள் நெடுவரிசையில் அந்தப் பண்ணைக்கு 1 இடுங்கள்.

நான்காம் படிதான் சுவையானது. வட்டத்தை 1-இலிருந்து 3 கிலோமீட்டராக்கினால் பரப்பு ஒன்பது மடங்காகிறது. ஆனால் கோழிகளை அழிக்கும் குழுவோ அதே குழுதான். ஒரு நாளில் இரண்டு பண்ணைகளுக்கு மேல் முடியாது என்ற வரம்பை மாதிரியில் சேர்த்தால், ஆரோக்கியமான அண்டைப் பண்ணைகளுக்குப் பின்னால் நோயுற்ற பண்ணை வரிசையில் நிற்பதையும், நிற்கும் ஒவ்வொரு நாளும் அது தொற்றைப் பரப்புவதையும் பார்க்கலாம். 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது, நோயுற்ற பண்ணையை 24 மணி நேரத்திலும் அடுத்துள்ள பண்ணைகளை 48 மணி நேரத்திலும் முடிக்க இலக்கு வைத்ததற்குக் காரணம் இந்தத் தாமதமே. ஆகவே ஆரத்தையும் தாமதத்தையும் சேர்த்தே மாற்றிப் பாருங்கள். ஆரத்தை மட்டும் மாற்றுவது பாதிக் கணக்குதான்.

ஐந்தாம் படி: ஒரே லாரியில் கோழி ஏற்றும் பண்ணைகளுக்கு, தொலைவு எதுவானாலும், இரண்டாம் படியின் மதிப்போடு 0.3 கூட்டுங்கள். எல்லை தாண்டிப் போய்த் திரும்பும் காலிக் கூண்டுகளுக்கு வட்டம் ஒரு பொருட்டே அல்ல. இப்போது வட்டத்தை 1 கிலோமீட்டரிலேயே நிறுத்தி, லாரி இணைப்பை மட்டும் ஏழு நாள் பூஜ்யமாக்கி ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு உத்தியையும் 200 முறையாவது ஓட்டிப் பாருங்கள். சராசரியைக் குறித்துக்கொண்டு, மிக மோசமான 20 ஓட்டங்களில் எத்தனை பண்ணைகள் போயின என்பதையும் தனியே எழுதுங்கள். உத்தியைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.